பிள்ளைகளோடு வெளியே போக: சிங்கப்பூரா, கோலாலம்பூரா?

பள்ளி விடுமுறைக்குக் கோலாலம்பூர் போய் வந்ததில் ஸ்ட்ரோலரின் முன்சக்கரம் மறுபடி போய்விட்டது. அதைப் பழுதுபார்க்கக் கொடுத்திருந்த நேரத்தில்தான் சென்னை நண்பர் கேட்டார்: "ரெண்டு ஊர்லயும் வேலை வருது. பசங்களைக் கூட்டிக்கிட்டு வெளியே போக எது வசதி?" கோலாலம்பூரில் சில வருடம் இருந்துவிட்டு இப்போது சிங்கப்பூரில் இருப்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். லெகோலாண்ட், யூனிவர்சல் மாதிரி கேளிக்கைப் பூங்காவெல்லாம் அவரே தேடிக்கொள்வார். நான் சொல்வது சாதாரண சனி, ஞாயிறு பற்றி.

கோலாலம்பூரில் என்னை விடாமல் படுத்தியது நடைபாதைதான். நன்றாகத்தான் ஆரம்பிக்கும். கொஞ்ச தூரம் போனால் நடுவில் ஒரு கம்பம், அப்புறம் பெயர்ந்த கல், அதையும் தாண்டினால் குறுக்கே நிற்கும் மோட்டார் சைக்கிள். பிறகு நடைபாதையே முடிந்துவிடும்; ஸ்ட்ரோலரைத் தூக்கிக்கொண்டு சாலையில் இறங்க வேண்டும். இந்த முறை சாக்கடை மூடியின் கம்பி இடுக்கில் சக்கரம் சிக்கி, பின்னால் கார்கள் ஹாரன் அடிக்க, தூங்கிக்கொண்டிருந்த சின்னவள் வீறிட்டு அழுதாள். போய்ச் சேர்ந்துவிட்டால் குறை இல்லை. கேஎல்சிசி பூங்காவில் இரட்டைக் கோபுரத்தின் அடியிலேயே பெரிய விளையாட்டுத் திடல், பிள்ளைகள் இறங்கி ஆடும் ஆழமில்லாத குளம், எல்லாம் இலவசம். பத்துமலைக்குக் கொம்யூட்டர் ரயில் வாசல்வரை போகிறது. ஆனால் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு ஒரு தாய் குழந்தையைத் தள்ளிக்கொண்டு நடக்க முடியாதபடி ஊரைக் கட்டி வைத்திருப்பதை எத்தனை வருடமானாலும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

சிங்கப்பூரில் இந்தத் தொல்லையே கிடையாது. எந்த எம்ஆர்டி (மெட்ரோ ரயில்) நிலையத்திலும் மின்தூக்கி உண்டு, 0.9 மீட்டருக்குக் குறைவான பிள்ளைக்கு டிக்கெட்டும் இல்லை. தாவரவியல் பூங்காவுக்குள் இருக்கும் ஜேக்கப் பல்லாஸ் சிறுவர் தோட்டம் இலவசம்; குழந்தை உடன் இல்லாத பெரியவரை உள்ளே விடமாட்டார்கள். அந்த ஒரு விதிக்காகவே எனக்கு அந்த இடம் பிடிக்கும். அட்மிரல்ட்டி பூங்காவில் மேட்டுச் சரிவில் 26 சறுக்குமரங்கள். பெரியவன் அத்தனையிலும் ஏறி இறங்காமல் வீட்டுக்கு வரமாட்டான். கரையோரப் பூந்தோட்டத்தின் (கார்டன்ஸ் பை த பே) நீர் விளையாட்டும் இலவசம்தான். குளிக்க, உடை மாற்ற, பால் கொடுக்க இடம் தேடி அலைய வேண்டியதில்லை.

இவ்வளவும் சொல்லிவிட்டு நண்பருக்கு நான் சொன்ன பதில்: கோலாலம்பூர்.

சிங்கப்பூரில் பிள்ளைகள் விளையாடும் இடம் ஒவ்வொன்றும் யாரோ அவர்களுக்காக யோசித்துச் செய்து வைத்தது. நாட்டின் மிக உயர்ந்த குன்றான புக்கிட் தீமாவே 164 மீட்டர்தான். கோலாலம்பூரிலிருந்து காரில் கிளம்பினால் ராவாங் பக்கம் கஞ்சிங் அருவி, ஏழு அடுக்காக விழுகிறது. அங்கே பாசி படிந்த பாறையில் எந்த இடத்தில் கால் வைப்பது என்று பெரியவன் தானே பார்த்துப் பார்த்து வைத்தான். நான் கை கொடுத்தபோது வேண்டாம் என்று தலையாட்டினான். எந்தச் சறுக்குமரத்திலும் அந்த முகத்தை நான் பார்த்ததில்லை. திரும்பும் வழியில் மாமாக் கடையில் (அங்கே தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் உணவுக் கடை) ரொட்டி திசு கேட்டோம். மெல்லிய ரொட்டியைக் கூம்பாக நிறுத்திச் சர்க்கரை தூவிக் கொண்டுவந்த அண்ணன், அதைச் சின்னவள் தலைக்குப் பக்கத்தில் பிடித்து உயரம் அளந்து காட்டினார். கடையே சிரித்தது. குழந்தை சத்தம் போட்டால் அங்கே யாரும் திரும்பி முறைப்பதில்லை.

ஒரே நிபந்தனை, கார் இல்லாமல் அங்கே காலம் தள்ள முடியாது. போனதுமே பழைய கார் ஒன்று பார்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன். குழந்தைக்கான கார் இருக்கை அங்கே 2020 முதல் கட்டாயம். அதையும் கையோடு வாங்கிவிட வேண்டும்.