மதுரையில் வீடு, மண்டபத்தில் கடல்: ஒரு கேபின் படகோடு சில வருடங்கள்

19 அடி பைபர் படகு. முன்னால் இரண்டு பேர் படுக்கிற அளவுக்குச் சின்னக் கேபின், பின்னால் 60 குதிரைத்திறன் ஃபோர் ஸ்ட்ரோக் அவுட்போர்டு (படகுக்கு வெளியே மாட்டும் இன்ஜின்). நிற்பது மதுரையில் ஒரு ஷெட்டில்; ஓடுவது சுமார் 150 கிலோமீட்டர் தள்ளி, மண்டபத்தின் வடகடலில், அதாவது பாக் விரிகுடாவில். கடலோரத்துக்காரர்கள் இன்ஜினைத் தினமும் எடுக்கிறார்கள். நம் படகு வாரக்கணக்கில் சும்மா கிடக்கும். ஓடித் தேய்வதைவிட நின்று கெடுவதுதான் இங்கே அதிகம்.

முதல் எதிரி பெட்ரோல். இப்போதைய பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால். அது ஈரத்தை இழுக்கும். அளவு மீறினால் தண்ணீரோடு சேர்ந்து பிரிந்து டேங்க்கின் அடியில் தங்கும். இன்ஜின் உறிஞ்சுவதும் அடியிலிருந்துதான். அன்றைக்கு வேண்டியதை ராமநாதபுரத்தில் நிரப்பிக்கொள்கிறேன். மிச்சத்தை அன்றே எடுத்து ஸ்கூட்டருக்கு ஊற்றிவிடுவேன். தண்ணீர் பிரிக்கும் ஃபில்டர் இல்லாமல் படகை எடுப்பதே இல்லை.

அடுத்தது உப்பு. மதுரைக்கு வந்து கழுவலாம் என்றால், வழியிலேயே உப்பு காய்ந்து இறுகிவிடும். அதனால் கரையேறியதுமே மோட்டார் காலை, அதாவது தண்ணீருக்குள் மூழ்கும் அதன் கீழ்ப்பகுதியை, நல்ல தண்ணீர் நிறைந்த டிரம்மில் இறக்கி, நியூட்ரலில் மெதுவாக ஓட விடுகிறேன். சூடேறி, தெர்மோஸ்டாட் என்ற வெப்ப வால்வு திறந்தால்தான் மேல்பகுதிக்குள்ளும் நல்ல தண்ணீர் போகும். அவசரத்தில் இரண்டு நிமிடம் ஓட்டுவது பலன் தராது. டிரம் தண்ணீரை நடுவில் ஒருமுறை மாற்ற வேண்டும். எங்கள் தெரு போர் தண்ணீரை இதற்குத் தொடுவதில்லை, அதிலேயே அத்தனை உப்பு. கார்ப்பரேஷன் குழாய்த் தண்ணீரைக் கேன்களில் பிடித்துக்கொண்டு போகிறேன்.

இன்ஜினைக் குளிர்விக்கத் தண்ணீர் இறைக்கும் இம்பெல்லரின் ரப்பர் நின்றே விறைத்துப்போகிறது, வருடத்துக்கு ஒன்று மாற்றுகிறேன். கியர் ஆயில் பால் நிறமாக வந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது, சீல் போய்விட்டது என்று பொருள். மோட்டாரின் உலோகம் அரிக்காமல் இருக்கத் தான் கரையும் துத்தநாகக் கட்டி பாதி கரைந்ததும் புதிது. அதன்மேல் பெயின்ட் அடிக்கவே கூடாது.

ட்ரெய்லரை யாரும் கவனிப்பதில்லை, எனக்கு அதில்தான் அதிகக் கவலை. பரமக்குடி தாண்டி வரும்போது சக்கர ஹப் கொதிக்கும். அப்படியே கடலில் இறக்கினால் சட்டென்று குளிர்ந்து, உப்புத் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். பேரிங் அடுத்த பயணத்துக்குத் தாங்காது. கையால் தொட முடிகிற வரை காத்திருக்கிறேன், ஒரு டீ குடிக்கிற நேரம்தான்.

ஓட்டுவதைப் பொறுத்தவரை காரோட்டிகள் ஒன்றை மனதில் வைக்க வேண்டும்: படகு பின்பக்கத்தால் திரும்புகிறது, பிரேக் கிடையாது, புரொப்பல்லர் சுற்றாவிட்டால் ஸ்டீயரிங்கும் இல்லை. கரைக்கு வரும்போது காற்று, நீவாடு (நீரோட்டம்) இரண்டில் எது வலுவோ அதை எதிர்த்து வர வேண்டும். உடன் வரும் மீனவ அண்ணன் சொன்னது: "தம்பி, வலை மிதவை எந்தப் பக்கம் சாயுதுன்னு பாருங்க, அப்புறமா இன்ஜினைக் குறைங்க." கேபின் பாய் மாதிரி காற்றைப் பிடிப்பதால் எனக்கு இது மிகவும் உதவுகிறது.

வடகடல் ஆழம் குறைவு. அதனால் அலை குட்டையாக, செங்குத்தாக எழும். வேகத்தைக் குறைத்து அணியத்தை, அதாவது படகின் முன்பக்கத்தை, அலைக்குச் சற்றே சாய்வாகக் கொடுத்தால் அடி குறையும். கடற்புல் தண்ணீர் உறிஞ்சும் துளையை அடைக்கும். இன்ஜினிலிருந்து பீய்ச்சும் நீர் மெலிந்தால் உடனே அணைத்துக் காலைத் தூக்கிப் பார்ப்பேன். ஆனி, ஆடியில் தென்மேற்குக் காற்றான கச்சான் வீசித் தென்கடல் (மன்னார் வளைகுடா) கொந்தளிக்கும்போதும் இங்கே ஓட்ட நாள் கிடைக்கும். வடகிழக்குக் காற்று வீசும் வாடைக்காலத்தில் கிடையாது. ஐப்பசி, கார்த்திகையில் படகு மதுரையை விட்டு நகராது, பெரிய வேலைகள் எல்லாம் அப்போதுதான்.

முழு வேகத்தில் மணிக்கு 20 லிட்டர் குடிக்கும், பாதி வேகம் போதும். போக மூன்றில் ஒன்று, வர ஒன்று, கையிருப்பு ஒன்று என்றே பெட்ரோல் கணக்கு. லைஃப் ஜாக்கெட், கில் சுவிட்ச் கயிறு (ஓட்டுபவர் விழுந்தால் இன்ஜினை அணைப்பது), இலங்கையுடனான கடல் எல்லைக்கோடு தெரியும் ஜிபிஎஸ், கடலோரக் காவல்படையின் 1554 எண் ஆகியவை இல்லாமல் கிளம்ப வேண்டாம்.

பழைய படகு வாங்குவதாக இருந்தால், மோட்டார் மாட்டும் பின்பலகையை மரச்சுத்தியலால் தட்டிப் பாருங்கள். கணீரென்று இல்லாமல் மந்தமாகக் கேட்டால் உள்ளே மரம் ஊறியிருக்கலாம். என்ன விலை குறைத்தாலும் அந்தப் படகு வேண்டாம்.