உவர்மலையில் எங்கள் வைஃபையைச் சரியாக்கித் தந்த தம்பி

வைஃபை இழுக்கவில்லை என்று எக்ஸ்டென்டர் (சிக்னலை வாங்கித் தூரத்துக்குக் கடத்தும் பெட்டி) வாங்கப் போகிறவர்கள், அதற்கு முதல் திருகோணமலை பிரதான வீதியில் சிசிடிவி கமரா பூட்டிக் கொடுக்கும் சின்னக் கடைத் தம்பியை ஒருக்கால் கூப்பிட்டுப் பாருங்கள். விற்கக் கையில் பொருள் இருந்தும் விற்காமல், இருந்த ரவுட்டரை இடம் மாற்றியே வேலையை முடித்துத் தந்தார்.

எங்களுடையது உவர்மலையில் உள்ள பழைய வீடு, சுவரெல்லாம் நல்ல மொத்தம். பின்னறையில் இருந்துதான் உயர்தரப் பிள்ளைகளுக்கு சூமில் இரசாயனவியல் படிப்பிக்கிறேன். சமன்பாடு பாதியில் நிற்கும்போது "ரீச்சர், குரல் வெட்டி வெட்டிக் கேக்குது" என்பார்கள். ரவுட்டரோ முன் ஹோலில், ரீவிக்குப் பின்னால், இரும்பு அலுமாரியோடு ஒட்டினபடி.

தம்பி எதையும் கழற்றவில்லை. போனில் ஒரு ஆப்பைத் திறந்து அறை அறையாக நடந்தார். பின்னறையில் சிக்னல் பலம் -82 டிபிஎம் (சிக்னலை அளக்கும் அலகு) காட்டியது. "பூச்சியத்துக்குக் கிட்ட வர வர நல்லது ரீச்சர். பத்துக் கூடினா பலம் பத்து மடங்கு. புதுசா ஒண்டும் வாங்க வேண்டாம், முதல்ல இத இரும்புக்குப் பின்னால இருந்து எடுப்பம்" என்றார்.

வீட்டின் நடுவில், நடைச் சுவரில் ஆள் உயரத்துக்கு மேலே பூட்டினார். ஃபைபர் வயரைத் தொட்ட விதம்தான் எனக்கு மிகவும் பிடித்தது: மிச்ச வயரைப் பெரிய வளையமாகச் சுற்றி, ஒரு இடத்திலும் மடியவிடாமல் கொண்டுபோனார். உள்ளே இருப்பது கண்ணாடி இழை, இறுக்கி மடித்தால் ஒளி கசிந்துவிடும். சரிந்து கிடந்த அன்ரனாக்களை நிமிர்த்தினார். குச்சி நேரே நின்றால்தான் சிக்னல் பக்கவாட்டில் பரவுமாம். அயலில் எல்லாரும் 6ஆம் சானலில் நெருக்கியடிக்க, எங்களை 11க்கு மாற்றினார். பின்னறைக்கு 2.4 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசை, ஹோல் ரீவிக்கு 5. வேகம் 5இல்தான் கூட, ஆனால் சுவர் தாண்டுவதில் 2.4தான் கெட்டி.

திரும்ப அளந்தபோது பின்னறையில் -63. வகுப்பு இப்போது வெட்டாமல் போகிறது.

காலையில் வருவதாகச் சொல்லிவிட்டுப் பின்னேரம்தான் வந்தார். ஒரு கோல் எடுத்துச் சொல்லியிருக்கலாம். கூலி 1,500 ரூபா. அளந்து பார்த்துச் செய்த வேலைக்கு நியாயமான காசு.

மேல்மாடிக்கு மட்டும் இது காணாது, கொங்கிரீட் தட்டு மறிக்கும், கேபிள் இழுத்து இன்னொரு அக்சஸ் பொயின்ற் (மேலேயே வைஃபை பரப்பும் பெட்டி) போடத்தான் வேணும் என்று அவரே சொன்னார். அந்த வேலையையும் அவரிடமே கொடுத்திருக்கிறேன்.