பத்துமலைப் புகைப்படப் பயணத்துக்குப் பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

கோலாலம்பூருக்கு அருகிலுள்ள பத்துமலை முருகன் குகைக் கோயிலுக்கு "விடியற்காலைப் புகைப்படப் பயணம்" என்று ஒரு விளம்பரம் சிங்கப்பூரில் நம்மவர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றி வருகிறது. அதை நம்பி நானும் அம்மாவும் ஆளுக்கு 260 வெள்ளி கட்டி ஏமாந்தோம். இன்னொரு குடும்பமும் ஏமாறக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

தைப்பூசத்தன்று பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயில் வரை காவடிகளைப் பல ஆண்டுகளாகப் படமெடுத்து வருகிறேன். பத்துமலைக் குகையைக் கூட்டமில்லாத நேரத்தில் எடுக்க மட்டும் வாய்க்கவே இல்லை. அம்மாவுக்கு 67 வயது. முழங்கால் இன்னும் மோசமாவதற்குள் ஒருமுறை படியேறிவிட வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். விளம்பரம் எங்கள் இருவருக்காகவே எழுதியது போல இருந்தது. நள்ளிரவில் பஸ், சூரியன் உதிக்கும் முன் அடிவாரம், ஆளில்லாத படிகள், பிறகு குகைக்குள் வெளிச்சம் இறங்கும்வரை காத்திருந்து எடுக்கலாம். அனுபவமுள்ள புகைப்படக்காரர் கூடவே வருவார். கோயில் நுழைவுக் கட்டணமும், அதே மலையிலுள்ள இருட்டுக் குகை என்ற இன்னொரு குகையும் அந்த 260 வெள்ளியிலேயே அடக்கம்.

சிராங்கூன் சாலையில் 12 மணிக்கு வர வேண்டிய பஸ் 3.40க்கு வந்தது. கோலாலம்பூருக்கு ஏறத்தாழ 350 கிலோமீட்டர். உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியில் வரிசையில் நிற்கும்போதே விடியலைப் பார்க்கப் போவதில்லை என்று தெரிந்துவிட்டது. பத்துமலையில் இறங்கியபோது மணி 10.45. 140 அடி முருகன் சிலைக்கு முன்னால் சுற்றுலா பஸ்கள் வரிசைகட்டி நின்றன. 272 படிகளிலும் தலைகள்தான் தெரிந்தன. "ஒரு மணி நேரம்தான், எல்லாரும் திரும்பிவிட வேண்டும்" என்றார் கூட வந்தவர். அவரிடம் கேமராவே இல்லை.

அம்மா இருபது படிக்கு ஒருமுறை உட்கார்ந்தார். "நீ போப்பா, நான் மெதுவாக வருகிறேன்" என்றார். எப்படி விட்டுப் போவது? கையைப் பிடித்தே ஏற்றினேன். குகைக்குள் நுழைந்தபோது 11.25.

உள்ளே கடைசிப் படிகளையும் ஏறினால், கூரை திறந்து வானம் தெரியும் இடம் வரும். அங்கே சுண்ணாம்புப் பாறைச் சுவரில் வெயில் மெல்லக் கீழிறங்கிக்கொண்டிருந்தது. யாரோ ஏற்றிய கற்பூரத்தின் புகை அதில் கலந்ததும், அதுவரை சுவரில் மட்டும் தெரிந்த வெளிச்சம் காற்றில் ஒரு தூணாக எழுந்து நின்றது. இதற்காகத்தான் வந்தேன். டிரைபாடின் ஒரு காலை விரித்திருப்பேன், கைப்பேசி அடித்தது. பத்து நிமிடத்தில் பஸ் கிளம்புகிறதாம், வராதவர்கள் சொந்தச் செலவில் ஊர் திரும்ப வேண்டுமாம். கையில் பிடித்தே மூன்று படம் எடுத்தேன். இரண்டில் வெளிச்சம் வெளுத்துப்போயிருக்கிறது, ஒன்று ஆடிவிட்டது. அம்மா சன்னிதியில் கும்பிட்டு முடிக்கக்கூட இல்லை.

இறங்கும்போது கோயில் ஊழியர் ஒருவரிடம் நுழைவுக் கட்டணம் பற்றிக் கேட்டேன். "படியேறிக் கும்பிட ஏதுங்க கட்டணம்?" என்று அவர் வியந்தார். இருட்டுக் குகை 2019இல் மூடப்பட்டது. நாங்கள் போன அன்றும் அதன் வாயில் பூட்டித்தான் கிடந்தது. இல்லாத கட்டணத்துக்கும் திறக்காத குகைக்கும் எங்களிடம் பணம் வாங்கியிருக்கிறார்கள்.

வீட்டுக்கு வந்து விளம்பரப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். படிகளில் வண்ணங்களே இல்லை! அந்தப் படிகளுக்குப் பல வண்ணம் பூசியது 2018 ஆகஸ்டில். எங்கிருந்தோ எடுத்த பழைய படத்தை, "சென்ற மாதப் பயணத்தில் எங்கள் குழு எடுத்தது" என்று போட்டிருக்கிறார்கள். படமெடுக்கிற எனக்கே அது முதலில் கண்ணில் படவில்லை.

பாதிப் பணம் தருவதாகச் சொன்னார்கள். இரண்டு வாரம் கழித்து என் எண்ணைத் தடுத்துவிட்டார்கள். பேநவ் என்ற வங்கிப் பணப் பரிமாற்றச் சேவை மூலம் நான் அனுப்பிய பணம் நிறுவனத்தின் பெயருக்கு அல்ல, ஒரு தனியாளின் பெயருக்குப் போயிருக்கிறது. இங்கே சுற்றுலா விற்பவர்களுக்குச் சிங்கப்பூர்ப் பயணத்துறைக் கழகத்தின் உரிமம் வேண்டும். உரிமம் பெற்றவர்களின் பட்டியலைக் கழகத்தின் இணையத்தளத்தில் யாரும் பார்க்கலாம். கட்டிய பிறகுதான் பார்த்தேன், அவர்கள் பெயர் அதில் இல்லை. சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றத்தில் மனுப் போட்டிருக்கிறேன். மனுவுக்குக் கட்டணம் 10 வெள்ளி. இரண்டு ஆண்டுகளுக்குள் போட வேண்டும். ஏற்கெனவே ஏமாந்தவர்கள் விளம்பரம், உரையாடல், பணம் அனுப்பிய ரசீது எதையும் அழித்துவிடாதீர்கள்.

படமெடுக்கப் போக நினைப்பவர்கள் ஒருநாள் முன்னதாகவே போய்க் கோலாலம்பூரில் தங்கிவிடுங்கள். கோலாலம்பூர் சென்ட்ரலிலிருந்து கேடிஎம் ரயில் மலையடிவாரம் வரைக்கும் போகிறது. கூட வயதானவர்கள் இருந்தால் அவசரமில்லாமல் ஏறலாம்.

நேற்று அதே படம் வேறொரு பெயரில், அடுத்த மாதப் பயணத்துக்கு என்று வந்திருக்கிறது. உங்களுக்கும் வந்தால் முதலில் படிகளின் நிறத்தைப் பாருங்கள்.