மஸ்டாங், ஸ்கைலைன், மினி: பழைய பாணி ஆர்.சி. ரேஸ் காருக்கு எந்தப் பாடி, எந்தச் சக்கரம்?

பழைய பாணி ஆர்.சி. ரேஸ் கார் (ரேடியோ ரிமோட்டில் ஓடும் சிறிய மாதிரிக் கார்) கட்ட நினைப்பவர்களில் பெரும்பாலோர் முதலில் படத்தைப் பார்த்துப் பாடியை (காரின் மேலே பொருத்தும் பிளாஸ்டிக் கூட்டை) வாங்கிவிட்டு, அது கைக்கு வந்த பிறகே சக்கரத்தைத் தேடத் தொடங்குகிறார்கள். செட்டிநாட்டுப் பக்கத்தில் ஓட்டப்போகிறவர் இந்த வரிசையை மாற்றிக்கொள்வது நல்லது என்பது என் கருத்து. எந்தத் தரையில் ஓட்டப்போகிறோம், அதற்கு எந்த அகல டயர் வேண்டும், அந்த டயர் தேய்ந்தால் மாற்று எளிதில் கிடைக்குமா என்பதை முடிவு செய்த பிறகு பாடியைத் தேர்ந்தால், பணமும் காத்திருப்பும் மிச்சமாகும். இங்கே நான் ஒப்பிட எடுத்துக்கொள்வது மூன்று வகை: 200 மி.மீ. அகலமுள்ள அமெரிக்க மஸ்டாங், கமாரோ வகை, 190 மி.மீ. ஒட்டிய ஜப்பானிய ஸ்கைலைன் வகை, சிறிய சேஸிஸில் (மோட்டாரையும் சக்கரங்களையும் தாங்கும் அடிச்சட்டத்தில்) பொருந்தும் மினி கூப்பர் வகை.

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் வட்டாரத்தில் ரப்பர் கம்பளம் விரித்த ஆர்.சி. டிராக் எதையும் எதிர்பார்க்க முடியாது. கிடைப்பவை பள்ளிக்கூடத்துக் கூடைப்பந்துத் திடல், கல்யாண மண்டபத்தின் கிரானைட் தரை, பெரிய வீட்டின் மொட்டைமாடி, உரிமையாளர் மனம் வைத்தால் பட்டாலையில் (பழைய வீட்டின் கூடத்தில்) பதித்த ஆத்தங்குடிக் கல். சிமெண்டுத் திடலில் பிடிப்பு ஓரளவு உண்டு. ஆனால் செம்மண் தூசி காலையில் பெருக்கினாலும் மாலைக்குள் மறுபடியும் படிந்துவிடும். ஆத்தங்குடிக் கல்லோ தேய்க்கத் தேய்க்கப் பளபளப்பது. அதில் எந்த ரப்பரும் முதல் வளைவிலேயே வழுக்கும். (நூறாண்டு பார்த்த அந்தத் தரையில் சக்கர நட்டு உரசிக் கோடு விழுந்தால் வீட்டாருக்கு என்ன பதில் சொல்வது என்பது வேறு கவலை.)

அமெரிக்க வகையிலிருந்து தொடங்கலாம். 1966-ல் தொடங்கிய டிரான்ஸ்-ஆம் பந்தயத்தொடரே இந்தப் பாடிகளின் மூலம். 5 லிட்டர் எஞ்சின் வரம்புக்குள் கமாரோவும் மஸ்டாங்கும் மோதிக்கொண்ட காலம் அது. 1968-லும் 1969-லும் மார்க் டோனஹியூ பென்ஸ்கி அணியின் கமாரோவுக்குப் பட்டம் பெற்றுத் தந்தார், 1970-ல் பார்னெல்லி ஜோன்ஸ் ஓட்டிய பாஸ் 302 மஸ்டாங்கின் பலத்தில் ஃபோர்டு அதைப் பிடித்தது. அமெரிக்காவில் இதே பெயரில் நடக்கும் 1/10 அளவு ஆர்.சி. பிரிவில் முன்சக்கரம் 26 மி.மீ. அகலமும் பின்சக்கரம் 31 மி.மீ. அகலமும் உள்ளவை. எச்.பி.ஐ. நிறுவனத்தின் வின்டேஜ் வரிசைச் சக்கரங்கள் இந்த இரண்டு அளவுகளிலும் வந்தவை; முன்னதற்கு ஆஃப்செட் (சக்கரம் எவ்வளவு வெளியே தள்ளி நிற்கும் என்ற அளவு) 0, பின்னதற்கு 6 மி.மீ.

பாடியின் உருவ நேர்மையைப் பார்த்தால் இந்த வகைதான் மூன்றிலும் பின்தங்குகிறது. 1966 மஸ்டாங்கின் வீல்பேஸ் (முன், பின் அச்சுகளுக்கு இடையிலான தூரம்) 108 அங்குலம், அதாவது 2,743 மி.மீ.; பத்தில் ஒன்றாகக் குறைத்தால் 274 மி.மீ. வரவேண்டும். ஆனால் இந்தப் பாடி அமரும் வழக்கமான டூரிங் சேஸிஸின் வீல்பேஸ் 255 முதல் 257 மி.மீ.தான். அகலமோ எதிர்த்திசையில் போகிறது: உண்மைக் கார் 1.73 மீட்டர், பத்தில் ஒரு பங்கு 173 மி.மீ.; பாடி 200 மி.மீ. நீளத்தில் குறுகி அகலத்தில் பெருத்த இந்த மஸ்டாங்கைப் பக்கவாட்டில் பார்த்தால் கதவு சற்றே சிறுத்துத் தெரியும். ஓடும்போது அந்தக் குறையை யாரும் கவனிப்பதில்லை, ஏனென்றால் அகலமான நிலைப்பும் அகலமான பின்டயரும் சேர்ந்து காரை அசையாமல் நிறுத்துகின்றன. முன்டயர் குறுகலாக இருப்பதால் வளைவில் மூக்கு சற்றே வெளியே தள்ளும், பின்பக்கம் பிய்த்துக்கொண்டு சுழலாது. புதிதாக ஓட்டுபவருக்கு இதைவிடப் பொறுமையான கார் கிடைப்பது அரிது.

ஆனால் இந்த ஏற்பாட்டுக்கு ஒரு விலை உண்டு: முன்னும் பின்னும் வேறு வேறு டயர். நான்கில் ஒன்று கிழிந்தால் மற்றொரு அச்சிலிருந்து எடுத்துப் போட முடியாது. தேய்மானத்தைச் சமப்படுத்த முன்பின் மாற்றவும் முடியாது. காரைக்குடிக் கடைத்தெருவில் இவற்றை வாங்க வழியில்லை, வெளியூரிலிருந்தோ வெளிநாட்டிலிருந்தோ தருவிக்க வேண்டும். ஆகவே இரண்டு வகையிலும் கைவசம் ஒரு ஜோடி வைத்துக்கொள்ளாதவர் இதில் இறங்கக் கூடாது.

ஸ்கைலைன் 2000 ஜி.டி.-ஆர். கூபேயை, ரசிகர்கள் ஹகோசுகா என்று அழைக்கும் அந்தக் காரை, நான் இதற்கு மேலே வைக்கிறேன். அதன் உண்மையான வீல்பேஸ் 2,570 மி.மீ.; பத்தில் ஒரு பங்கு 257. டூரிங் சேஸிஸின் அளவே அது! மூக்கு, கதவு, பின்பகுதி ஆகிய மூன்றின் விகிதமும் அதனால் கெடாமல் நிற்கிறது. அகலம் மட்டும் கூட்டப்பட்டிருக்கும். நிஜக் காரிலேயே பின்சக்கரத்துக்கு மேல் திருகாணியில் பொருத்திய அகலப் பட்டை இருந்ததால் அந்தக் கூடுதல் கண்ணை உறுத்துவதில்லை.

இதற்கு நான்கு பக்கமும் 26 மி.மீ. சக்கரம் போடுவதே சரி. 24 மி.மீ. சக்கரம் பழைய தோற்றத்துக்கு இன்னும் நெருங்கியதுதான். ஆனால் 190 மி.மீ. பாடிக்குள் அது உள்வாங்கி நின்று, சக்கர வளைவுக்குக் கீழே வெற்றிடம் விட்டு, காரின் மிடுக்கைக் குறைத்துவிடும். ஆஃப்செட்டைப் பொறுத்தவரை டயரின் வெளிச்சுவர் பாடி விளிம்புக்கு 1 முதல் 2 மி.மீ. உள்ளே நிற்பது நல்லது. 200 மி.மீ. பாடிக்கென்று 6 மி.மீ. ஆஃப்செட்டில் வரும் பின்சக்கரத்தை இதில் மாட்டினால் டயர் வெளியே துருத்திக்கொண்டு, திருப்பத்தில் காரின் எடை சாயும்போது பாடியைக் கடித்து, உள்ளே பூசிய வண்ணத்தைச் சுரண்டிவிடும்.

சக்கரத்தின் வடிவத்தில் ஐந்து ஆரமா எட்டு ஆரமா (ஸ்போக்) என்ற வாக்குவாதத்துக்கு வரலாறு இரு பக்கமும் சான்று தருகிறது. எட்டு ஆரமுள்ள மினிலைட் பாணி மினியிலும் இருந்தது, டிரான்ஸ்-ஆம் கார்களிலும் இருந்தது. ஆகவே ஒரே வடிவத்தை எந்தப் பாடிக்கும் பயன்படுத்த விரும்புபவருக்கு அதுவே பொருந்தும். குரோம் பூச்சுச் சக்கரம் வாங்குபவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: சூப்பர் குளூ பிளாஸ்டிக்கைப் பிடிக்கும், குரோம் பூச்சின்மேல் ஒட்டினால் நிலைக்காது. டயர் அமரும் பள்ளத்தை உப்புத்தாளால் தேய்த்து, பளபளப்பு போய் வெள்ளைப் பிளாஸ்டிக் தெரியும் வரை சுரண்டிய பிறகே ஒட்ட வேண்டும். அப்படிச் செய்யாத டயர் பார்ப்பதற்கு ஒட்டியதுபோலவே இருக்கும்; முழு வேகத்தில் பிரேக் பிடிக்கும்போது ரிம்மை விட்டுக் கழன்று தனியாக உருண்டு போகும். சாம்பல் அல்லது வெள்ளை நிற ரிம்மில் இந்தத் தொல்லை இல்லை.

மினியைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. 1964, 1965, 1967 ஆகிய ஆண்டுகளில் மான்டே கார்லோ ராலியை வென்ற கார். உண்மை வீல்பேஸ் 2,036 மி.மீ., டாமியா நிறுவனத்தின் சிறிய எம் சேஸிஸின் குறுகிய அளவு 210 மி.மீ. நீளம் ஏறக்குறைய சரி, அகலம் மட்டும் கூடுதல். இதன் டயர் 60 மி.மீ. விட்டமுள்ளது, பெரிய காரின் டயர் இதில் மாட்டாது. மொட்டைமாடி, மண்டபத்தின் ஒரு மூலை எனக் குறுகிய இடத்தில் மட்டுமே ஓட்டப்போகிறவர் தயங்காமல் மினியை வாங்கலாம். பழைய எம் சேஸிஸ்களில் பல முன்சக்கர இயக்கம் கொண்டவை. தூசித் தரையில் திடீரென்று வேகம் கொடுத்தால் முன்டயர் இரண்டும் வீணாகச் சுழன்று கார் நேராகவே போகும் என்பதை மட்டும் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும்.

டயரின் மென்மையில் பலர் அகலத்தைவிடக் குறைவான கவனமே செலுத்துகிறார்கள். நம் தரையில் அதுதான் பெரிய விஷயம். மிக மென்மையான ரப்பர் பிடித்தாலும் செம்மண் தூசியை வாரி எடுத்துக்கொண்டு சில சுற்றுகளிலேயே மாவு பூசியதுபோல் ஆகிவிடும்; வெயிலில் காய்ந்த சிமெண்டில் சீக்கிரம் தேயவும் செய்யும். நடுத்தர மென்மையும் வரிப்பள்ளமும் உள்ள டயரை எடுத்து, ஓட்டத்துக்கு இடையில் ஈரத்துணியால் துடைத்துக்கொண்டால் மூன்று வகைக் காரும் சீராக ஓடும்.

பாலிகார்பனேட் என்ற ஒளிபுகும் பிளாஸ்டிக்கால் ஆன பாடிக்கு உள்பக்கத்திலிருந்துதான் வண்ணம் பூச வேண்டும். முதலில் விழும் வண்ணமே வெளியே தெரியும். நீலக் காரில் வெள்ளைக் கோடு வேண்டுமானால் கோட்டின் இடத்தை டேப்பால் மறைத்து, முதலில் நீலத்தை அடித்து, டேப்பை உரித்த பிறகு வெள்ளையை அடிக்க வேண்டும். மாற்றிச் செய்தால் வெள்ளைக்குப் பின்னால் நீலம் நிழலாடும். உள்ளூர்ப் பெயிண்டுக் கடையில் கிடைக்கும் கார் ஸ்பிரேயைத் தவிர்க்க வேண்டும். அதன் தின்னர் பாலிகார்பனேட்டை நொறுங்க வைக்கும். பாடி வளையும்போது வண்ணம் செதில் செதிலாக உதிரும்.

நான்காவது வழி ஒன்றும் இருக்கிறது. சோழவரம் விமான ஓடுதளத்தில் பந்தயம் நடந்த காலத்தில் அங்கே ஓடிய ஃபியட்டை விரும்புபவர் பாடியைத் தாமே உருவாக்கிக்கொள்ளலாம். ஃபியட் 1100-இன் வீல்பேஸ் 2,340 மி.மீ.; பத்தில் ஒரு பங்கு 234, எம் சேஸிஸின் நீண்ட அளவு 239. நிலைக்கதவில் யாளி செதுக்கும் ஆசாரி ஒருவருக்கு நான்கு பக்கப் படமும் அளவும் கொடுத்தால் மர அச்சு செய்துவிடுவார். 1 மி.மீ. பி.இ.டி.ஜி. பிளாஸ்டிக் தாளைச் சூடாக்கி, துளையிட்ட பெட்டியின்மேல் வைத்த அச்சில் வாக்குவம் கிளீனரால் இழுத்தால் பாடி கிடைக்கும். அச்சின் பக்கங்கள் கீழ்நோக்கிச் சற்றே விரிந்திருக்க வேண்டும், இல்லையென்றால் தாள் அச்சைக் கவ்விக்கொண்டு வெளியே வராது. மிஞ்சும் 5 மி.மீ. வீல்பேஸ் வேறுபாட்டை முன்சக்கர வளைவில் 2, பின்சக்கர வளைவில் 3 என்று பிரித்து வெட்டிக்கொள்ளலாம்.