மே மாதத்தில் பறவை பார்க்க: வேடந்தாங்கலா, காவேரிப்பாக்கமா, மோர்தானாவா?

பள்ளிக்கூடம் லீவு விட்டதும் வேலூரில் யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்: "பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டு வேடந்தாங்கல் போயிட்டு வரலாமா?" வேண்டாம் என்றுதான் நான் சொல்கிறேன். இடத்தில் குறையில்லை, மாதம்தான் தவறு. வேடந்தாங்கல் வடகிழக்குப் பருவமழையை நம்பி இருக்கும் ஏரி. நவம்பர் முதல் மார்ச் வரை தண்ணீருக்குள் நிற்கும் மரங்களில் கூடும் குஞ்சுமாக இருக்கும். தண்ணீர் வற்றினால் பறவைகள் கிளம்பிவிடும். நூறு கிலோமீட்டருக்கு மேல் வண்டி ஓட்டிப் போய், மே மாதத்தில் வெறும் மரத்தைப் பார்த்துத் திரும்புவது பிள்ளைகளுக்குப் பெரிய ஏமாற்றம். டிசம்பரில் போங்கள், அதற்கு ஈடே கிடையாது.

கோடைக்கு என் முதல் ஓட்டு காவேரிப்பாக்கம் ஏரிக்கு. வேலூரிலிருந்து சென்னை சாலையில், வாலாஜாவைத் தாண்டி வரும். மூன்றாம் நந்திவர்மப் பல்லவன் காலத்தது, பாலாற்றுத் தண்ணீரை வாங்கிக்கொள்ளும் பெரிய ஏரி. ஏரி சுருங்கச் சுருங்கப் பறவை பார்ப்பது எளிதாகிறது என்பதுதான் இங்கே விசேஷம். நிரம்பிய ஏரியில் வாத்துகள் எங்கோ நடுவில் புள்ளியாகத் தெரியும். கோடையில் தண்ணீர் குட்டை குட்டையாக ஒதுங்கும், மீனும் நத்தையும் அங்கேயே சிக்கிக்கொள்ளும், அதைத் தேடிக் கொக்கும் நாரையும் ஒரே இடத்தில் கூடும். நத்தை குத்தி நாரை சேற்றில் அலகை விட்டுத் துழாவுவதைப் பைனாகுலர் இல்லாமலே பார்க்கலாம்.

வலசை வந்த உள்ளான்கள் போய்விட்டன என்று வருத்தப்பட வேண்டாம். இங்கேயே இருக்கும் பறவைகள் அழகாவது இப்போதுதான். மற்ற மாதங்களில் மண் நிறத்தில் கிடந்த மடையானுக்கு (குளத்துக் கொக்கு) முதுகில் கருஞ்சிவப்பு இறகு வந்திருக்கும். உண்ணிக்கொக்கின் தலையும் கழுத்தும் ஆரஞ்சு பூசியதுபோல் ஆகிவிடும். அல்லி படர்ந்த மூலை இருந்தால் நீளவால் இலைக்கோழியைத் தேடுங்கள். குளிர்காலத்தில் இல்லாத அந்த நீண்ட வாலை இப்போது பார்க்கலாம். இந்த இனத்தில் முட்டையை அடைகாப்பது ஆண் பறவை!

எனக்கு மிகவும் பிடித்தது ஆள்காட்டி. காய்ந்த ஏரி உள்வாயில், அதாவது தண்ணீர் வற்றிய ஏரிப் படுகையில், வெறும் தரையில், கற்களுக்கு நடுவே முட்டையிடும். வெயில் ஏறியதும் தண்ணீருக்குப் போய் வயிற்று இறகை நனைத்துக்கொண்டு வந்து முட்டை மேல் உட்காரும். இதை ஒருமுறை பார்த்த பிள்ளை மறக்காது.

குறையும் உண்டு. கரையில் நிழல் குறைவு. மழை பொய்த்த ஆண்டில் ஏரி மொத்தமாகக் காய்ந்துவிடும், அப்போது போய்ப் பயனில்லை. கிளம்பும் முன் அந்த ஊரில் யாரிடமாவது தண்ணீர் இருக்கிறதா என்று கேட்டுவிடுவது நல்லது.

சரி, காய்ந்துபோனால்? குடியாத்தம் பக்கம் மோர்தானா அணை. மலை நடுவே தேங்கிய ஆழமான நீர். ஆழம் அதிகம் என்பதால் சேற்றில் நடந்து இரை தேடும் பறவைகளுக்கு அவ்வளவாகத் தோதில்லை. நீர்க்காகம், மீன்கொத்தி உண்டு. அதைவிடக் காட்டோரப் பறவைகளுக்காகப் போகலாம். மரநிழல் இருப்பதால் சின்னக் குழந்தைகளோடு போகிறவர்களுக்கு இதுவே வசதி. ஆந்திர எல்லையை ஒட்டிய யானைக் காடு பக்கத்தில் இருக்கிறது. இருட்டோடு போவதும் புதருக்குள் இறங்குவதும் கூடாது.

காவேரிப்பாக்கத்துக்கு மட்டும் விடிவதற்குள் போய்ச் சேர்ந்துவிடுங்கள். நம் பக்கம் நிலம் கிழக்கே சரிவதால் பல ஏரிகளுக்குக் கிழக்கில்தான் கரை. அப்படிப்பட்ட கரையில் காலையில் நின்றால் சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும், நிறங்கள் தெளிவாகத் தெரியும். எட்டரை மணிக்குத் திரும்பிவிடலாம். உள்வாயில் இறங்கினால் கால் வைக்கும் இடத்தைப் பார்த்து வையுங்கள். ஆள்காட்டி தலைக்கு மேல் வட்டமடித்துக் கத்தினால் முட்டை பக்கத்தில்தான் இருக்கிறது. வந்த தடத்திலேயே பின்வாங்கிவிடுங்கள், வெயிலில் முட்டை வேகுமுன் அது திரும்பி வந்து உட்கார வேண்டும்.