காற்று லைனா, ஆயில் லைனா? பழுது பார்க்கப் பழகுபவர் எதில் தொடங்கலாம்

குன்னூர், கோத்தகிரிப் பக்கம் ஐ.டி.ஐ. முடித்து மெயின்டனன்ஸ் வேலைக்கு வருபவருக்கு இரண்டு வழி உண்டு. தேயிலைத் தொழிற்சாலையில் கலர் சார்ட்டர் (தேயிலையை நிறம் பார்த்துப் பிரிக்கும் இயந்திரம்) ஓடும் காற்று லைனில், அதாவது அழுத்திய காற்றால் இயங்கும் நியூமேட்டிக் அமைப்பில், கை பழகலாம். ஜேசிபி, டிப்பர் வந்து நிற்கும் பட்டறையில் ஆயில் லைனிலும், அதாவது அழுத்திய ஆயிலால் இயங்கும் ஹைட்ராலிக் அமைப்பிலும், தொடங்கலாம். காற்றில் தொடங்குங்கள் என்பதுதான் என் கட்சி.

ஆயில் தெரிந்தவருக்குக் கிராக்கி உண்டு, மறுக்கவில்லை. சர்க்யூட் படம் படிப்பதும் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றே. வித்தியாசம், கழற்றிப் பார்க்க ஆகும் செலவில் இருக்கிறது.

சிலிண்டர் (காற்று தள்ளும் பிஸ்டனும் ராடும் உள்ள குழாய்) வலுவில்லாமல் நகர்கிறது, காற்றின் வழியை மாற்றும் வால்வின் எக்ஸாஸ்டில் (காற்று வெளியேறும் துளை) காற்று ஓயாமல் சீறுகிறது என்று வையுங்கள். குற்றம் வால்விலா, பிஸ்டன் சீலிலா? சிலிண்டரை முழுக்க நீட்டி, காற்றை அடைத்து வடித்துவிட்டு, ராடு பக்கத்து ட்யூபை உருவுங்கள். வால்வை அதே நிலையில் வைத்துக் காற்றைத் திறக்கும்போது ட்யூப் உருவிய சிலிண்டர் வாயில் காற்று வந்தால் சீல் போயிற்று. அங்கே வராமல் எக்ஸாஸ்டில் மட்டும் சீறினால் வால்வு. சிலிண்டர் அசையவே இல்லையென்றால் வால்வின் மேனுவல் பட்டனை அழுத்துங்கள்: அசைந்தால் காயிலையும் (வால்வை இயக்கும் மின்சுருள்) ஒயரையும் பாருங்கள், அசையாவிட்டால் முதலில் காற்று வருகிறதா, பிறகு ஸ்பூல் (வால்வுக்குள் நகர்ந்து வழி மாற்றும் தண்டு) சிக்கியிருக்கிறதா. எல்லாம் சில நிமிட வேலை, ஒரு நாளில் பத்துத் தடவை செய்து பழகலாம்.

இதையே ஆயிலில் செய்ய மோட்டாரை நிறுத்தி, பாரத்தை இறக்கி, அடைபட்ட அழுத்தத்தை வடித்து, ஜாயின்ட்டைத் துடைத்து, கீழே தட்டு வைத்து, கழற்றிய வாயை மூடி, மாட்டிய பின் ஏர் எடுக்க (உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்ற) வேண்டும். ஸ்பூலுக்கும் அதன் துளைக்கும் நடுவே உள்ள இடைவெளி சில மைக்ரான்தான் (ஒரு மில்லிமீட்டரில் 1,000 மைக்ரான்). தலைமுடியின் தடிமனே 70 மைக்ரான் வரும். சந்தேகத்துக்கு மூன்று முறை திறக்கும் புதியவர், தூசியை நுழையவிட்டு, இருந்த பழுதோடு புதிதாக ஒன்றையும் உள்ளே விட்டுவிடுவார்.

மலையில் காற்று லைன் இன்னொன்றும் கற்றுத்தரும்: தண்ணீர். மஞ்சு மூடிய நாளில் 20 டிகிரியில் ஒரு கனமீட்டர் காற்றில் சுமார் 17 கிராம் நீராவி இருக்கும். அதை 7 பாருக்கு (பார் என்பது அழுத்த அளவு) அழுத்தி அதே சூட்டுக்கு ஆறவிட்டால் சுமார் 2 கிராம்தான் நிற்கும். மீதி தண்ணீராய் இறங்கும். நிமிடத்துக்கு ஒரு கனமீட்டர் இழுக்கும் கம்ப்ரசர் 10 மணி நேரம் ஓடினால் கிட்டத்தட்ட 9 லிட்டர். அது ஸ்பூலின் கிரீஸைக் கழுவும், ஜி.ஐ. பைப்பின் துருவை இழுத்து வரும், தேயிலைத் தூளோடு குழைந்து சார்ட்டரின் நாசிலை (காற்று பீச்சும் துளை) அடைக்கும். வால்வை மாற்றினால் மறுபடியும் அடைக்கும். காற்றைச் சேர்த்து வைக்கும் ரிசீவர் டேங்க் வடிகிறதா, தண்ணீரைத் தானே வெளியேற்றும் ஆட்டோ டிரெயின் வேலை செய்கிறதா, காற்றைக் குளிர்வித்து ஈரம் எடுக்கும் ட்ரையர் குளிர்கிறதா, கிளைப் பைப் மெயினின் மேல்பக்கத்திலிருந்து பிரிகிறதா என்று பின்னோக்கிப் போகத்தான் வேண்டும்.

இந்தப் பழக்கம் ஆயிலுக்கு அப்படியே உதவும். ஊட்டிக் குளிரில் காலையில் பம்ப் கீச்சிட்டால் உடனே பம்பைக் கழற்ற வேண்டாம். பம்புக்குள் ஆயிலைத் தள்ளுவது வெளிக்காற்றின் அழுத்தம்; கடலோரத்தில் 1.01 பார், ஊட்டியில் ஏறக்குறைய 0.78 பார், அதனால் தள்ளும் வலு குறைவு. ஆயில் சூடேறியதும் சத்தம் அடங்கினால் குளிரில் ஆயில் கெட்டியானதுதான் காரணம். அடங்காவிட்டால் சக்ஷன் ஸ்ட்ரெய்னரை (பம்ப் ஆயிலை இழுக்கும் வழியிலுள்ள சல்லடை) பாருங்கள். டேங்கில் நுரை தெரிந்தால் சக்ஷன் ஜாயின்ட்டுகள் மேல் ஒவ்வொன்றாக ஆயில் ஊற்றுங்கள். எங்கே ஊற்றும்போது சத்தம் மாறுகிறதோ அங்கேதான் காற்று இழுக்கிறது.

குந்தா, பைக்காரா போன்ற நீர்மின் நிலையங்களின் கவர்னர் (டர்பைன் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) ஆயில் வேலைக்கே போகப்போகிறவருக்கு இந்த வாதத்தை நான் அவ்வளவு அழுத்திச் சொல்லமாட்டேன். மற்றவர்கள், ஒரு பாகத்தைக் கழற்றும் முன் அது குற்றவாளியில்லை என்று எந்தச் சோதனை காட்டும் எனச் சொல்ல வந்ததும் ஆயிலுக்கு மாறலாம். அங்கே 150, 200 பார் அழுத்தம். ஊசித்துளைக் கசிவைக் கையால் தேடக்கூடாது, அட்டையை நீட்டித் தேடுங்கள். ஆயில் தோலுக்குள் பாய்ந்தால் காயம் கடுகளவு இருந்தாலும் அந்த நிமிடமே ஆஸ்பத்திரி.