பதினைந்து மாத வயதுடைய ‘புத்தம் புதிய’ கார்

புதிய காருக்கு மீதிப் பணத்தைக் கட்டுவதற்கு முன்னால் ஒரு டார்ச் விளக்குடன் போய், அதன் டயரைக் குனிந்து பாருங்கள். ஷோரூமில் காட்சிக்கு நிற்கும் காரின் டயரை அல்ல, உங்கள் பெயருக்கு ஒதுக்கிய காரின் டயரை. நான் பார்க்கவில்லை. பதினைந்து மாதம் வெயிலிலும் மழையிலும் கிடந்த வண்டியைப் புத்தம் புதியது என்று நம்பி வீட்டுக்கு ஓட்டிவந்தேன்.

கார் விஷயம் ஒன்றுமே தெரியாதவன் ஏமாந்தால் அது வேறு. எந்த நிறுவனம் எந்த மாடலை நிறுத்தப்போகிறது, எந்த எஞ்சின் எந்த வண்டிக்கு மாறுகிறது என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பவன் நான். உறவில் யார் கார் வாங்கினாலும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் வாங்குவார்கள். 2015இல் ஃபோக்ஸ்வாகனின் டீசல் புகை மோசடி அம்பலமாகி, உலகம் முழுவதும் சுமார் 1 கோடியே 10 லட்சம் கார்களில் புகைச் சோதனையை ஏய்க்கும் மென்பொருள் இருந்தது தெரியவந்தபோது, ‘விற்கிறவன் பேச்சை நம்பாதீர்கள்’ என்று மாதக்கணக்கில் பிரசங்கம் செய்தேன். என்னை ஏமாற்ற மென்பொருள் எதுவும் தேவைப்படவில்லை. டயருக்குப் பூசும் பாலிஷ் போதுமானதாக இருந்தது.

நான் வாங்கிய மாடலின் திருத்திய வடிவம் சோதனை ஓட்டத்தில் இருப்பதைப் படங்களில் ஏற்கெனவே பார்த்திருந்தேன். வெளிவராத கார்களுக்குக் கறுப்பு வெள்ளைச் சுழிகள் அச்சிட்ட உறையைப் போர்த்தித்தான் சாலையில் ஓட்டுவார்கள். அந்த உறை எதை மறைக்கிறது என்பதை வைத்தே பாதி விஷயத்தை ஊகித்துவிடலாம். தலைமுதல் கால்வரை போர்த்தியிருந்தால் அடியோடு மாறும் புதிய தலைமுறை. முன்னும் பின்னும் மட்டும் போர்த்தி, பக்கவாட்டுத் தகடுகள் வெளியே தெரிந்தால் ஃபேஸ்லிஃப்ட். தகட்டை அடிக்கும் அச்சுகளை மாற்றுவது பெருஞ்செலவு என்பதால், ஃபேஸ்லிஃப்டில் பம்பரையும் விளக்குகளையும் மாற்றுவதோடு பெரும்பாலும் நிறுத்திக்கொள்வார்கள். நான் பார்த்த படத்தில் கதவுகள் அப்படியே தெரிந்தன. விளக்குகள்கூட முழுமையாகத் தயாராகிவிட்ட மாதிரி இருந்தது. அறிமுகம் நெருங்கிவிட்டது என்று என் உள்மனம் சொல்லத்தான் செய்தது.

அதனால் விற்பனையாளரிடம் நேரடியாகவே கேட்டேன்.

“இந்த மாடலுக்கு ஃபேஸ்லிஃப்ட் வருகிறதாமே?”

“யார் சார் சொன்னது? எங்களுக்கே அப்படி ஒரு தகவல் வரவில்லை. வந்தாலும் இன்னும் ஒன்றரை வருஷம் ஆகும். நீங்கள் கேட்ட நிறம் ஒரே ஒரு வண்டிதான் இருக்கிறது. இந்த மாதத்தோடு தள்ளுபடியும் முடிகிறது.”

ஒரே ஒரு வண்டி, பெரிய தள்ளுபடி, உடனே டெலிவரி. இந்த மூன்றும் ஒன்றாக வந்து நின்றால் என்ன பொருள் என்று வேறு யாராவது என்னிடம் கேட்டிருந்தால் அரை மணி நேரம் விளக்கியிருப்பேன். ஓடுகிற சரக்குக்கு யாரும் விலையைக் குறைப்பதில்லை. கார்களுக்கான மின்னணு சிப் தட்டுப்பாடு உச்சத்தில் இருந்த 2021இல் எந்த ஷோரூமிலாவது இப்படி உபசரித்தார்களா? நமக்கென்று வரும்போது ஆசை அறிவை மறைத்துவிடுகிறது. அந்த நீல நிறம் எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது.

விளம்பரச் சிற்றேட்டில் இருந்த ஐந்து நட்சத்திரங்களையும் அவர் விரலால் தட்டிக் காட்டினார். அதைப் பற்றியும் ஒரு வார்த்தை. விபத்துச் சோதனையில் வாங்கிய நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் ஆண்டு என்ன என்று பாருங்கள். ஃபியட் புன்டோ 2005இல், கார்களை மோதவிட்டு மதிப்பிடும் ஐரோப்பிய அமைப்பான யூரோ என்கேப்பின் சோதனையில் ஐந்து நட்சத்திரம் வாங்கியது. அதே புன்டோவை 2017இல் மறுபடி சோதித்தபோது ஒரு நட்சத்திரம்கூடக் கிடைக்கவில்லை. இடைப்பட்ட காலத்தில் தேர்வு கடினமாகிவிட்டது, கார் அங்கேயே நின்றுவிட்டது. என் சிற்றேட்டில் ஆண்டே அச்சிடப்படவில்லை. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

2025 மார்ச்சில் டெலிவரி. காலையில் வருகிறேன் என்றேன். மாலை ஆறு மணிக்குத்தான் வண்டி தயாராகும் என்றார்கள். விளக்கொளியில் எந்தக் காரும் அழகாகத்தான் இருக்கும். டயர்கள் மையில் தோய்த்த மாதிரி மின்னின. ஓடோமீட்டரில் 186 கிலோமீட்டர். கேட்டதற்கு, கிடங்கிலிருந்து ஓட்டிவந்த தூரம் என்றார்கள். ஒருவர் போட்டோ எடுக்க, இன்னொருவர் காகிதங்களை ஒவ்வொன்றாக நகர்த்திக்கொண்டே கையெழுத்துக்கு விரல் வைத்தார். நான்காவது காகிதத்தில், ‘வாகனத்தை முழுமையாகச் சோதித்துத் திருப்தியுடன் பெற்றுக்கொண்டேன்’ என்று இருந்தது. படித்தேன். படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன்.

ஒன்பதாம் நாள் காலை வண்டி கிளம்பவில்லை. பேட்டரி செத்துவிட்டது. வேகமாகப் போகும்போது ஸ்டியரிங்கில் மெல்லிய அதிர்வு ஒன்று முதல் நாளிலிருந்தே இருந்தது. புதிய டயர் பழகட்டும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். என் பழைய காரைப் பல வருஷமாகப் பார்த்துவந்த மெக்கானிக்கை வரவழைத்தேன். அவர் பேட்டரியைத் தொடவே இல்லை. முன்சக்கரத்துக்கு அருகே துண்டை விரித்துப் படுத்து, வண்டிக்கு அடியில் தலையை நுழைத்தார்.

“சார், இந்த டயர் 48, 23” என்றார் உள்ளிருந்தபடியே.

டயரின் பக்கச் சுவரில் இருக்கும் நீண்ட குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்கள் அது தயாரான வாரமும் ஆண்டும். 4823 என்றால் 2023ஆம் ஆண்டின் 48ஆவது வாரம். பல டயர்களில் இந்த முழுக் குறியீடு ஒரு பக்கத்தில்தான் இருக்கும். அந்தப் பக்கம் உள்நோக்கி இருந்தால், என் டயரில் இருந்ததுபோல, படுத்துத்தான் பார்க்க வேண்டும். மற்ற மூன்று டயர்களிலும் ஸ்டெப்னியிலும் ஏறக்குறைய அதே வாரங்கள். டயர் மட்டும் பழசாக இருக்கலாமே என்று நான் இழுத்தேன். அவர் ஒன்றும் சொல்லாமல் சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்து, அடியில் தைத்திருந்த துணிப் பட்டையைக் காட்டினார்: 2023 டிசம்பர். பிறகு க்ளவ் பாக்ஸைக் கழற்றி, அதற்குப் பின்னால் இருந்த ஏசி ஃபில்டரை உருவினார். மடிப்பு மடிப்பான அந்தக் காகிதத்தில் இரண்டு காய்ந்த இலைகளும், ஒரு மூலையில் கறுப்பு அரிசி சிந்தியதுபோல எலிப் புழுக்கையும் கிடந்தன. என் புதிய காரில் எனக்கு முன்பே யாரோ குடியிருந்திருக்கிறார்கள்.

மாதக்கணக்கில் ஒரே இடத்தில் நின்ற வண்டிக்கு என்னென்ன ஆகும் என்று அவர் வரிசையாகச் சொன்னார். தரையில் அழுந்திய இடத்தில் டயர் தட்டையாகிவிடும். அதிர்வு அதனால்தான். ஈய அமில பேட்டரி சார்ஜ் இறங்கிக் கிடந்தால் அதன் தகடுகளில் சல்ஃபேட் படிந்து கெட்டியாகிவிடும், பிறகு எவ்வளவு ஏற்றினாலும் பழைய வலு திரும்பாது. பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும், ஈரம் ஏற ஏற அதன் கொதிநிலை இறங்கும். வெளியே பாலிஷ் போட்டவர்கள் இதில் எதையும் தொட்டதாகத் தெரியவில்லை.

ஷோரூம் மேலாளர் மிகவும் மரியாதையாகப் பேசினார். “பதிவாகாத வண்டி என்றால் அது புதிய வண்டிதான் சார். உங்களுடையது 2024 மாடல். மறைக்க இதில் என்ன இருக்கிறது?” என்றார். அங்கேதான் சூட்சுமம். பதினேழு இலக்க சேஸிஸ் எண்ணில் பல நிறுவனங்கள் பத்தாவது இடத்தில் மாடல் ஆண்டுக்கான எழுத்தை வைக்கின்றன. 2023க்கு பி (P), 2024க்கு ஆர் (R), 2025க்கு எஸ் (S). (நடுவில் க்யூ வராது. ஐ, ஓ, க்யூ மூன்றும் எண்களோடு குழம்பும் என்று சேஸிஸ் எண்ணில் சேர்ப்பதே இல்லை.) என்னுடையது ஆர். ஆனால் மாடல் ஆண்டு வேறு, தயாரான மாதம் வேறு. 2023 டிசம்பரில் செய்த வண்டியை 2024 மாடல் என்று சொன்னால் அது பொய்யாகாது. அதை 2025 மார்ச்சில், ‘இப்போதுதான் வந்த சரக்கு’ என்று சொல்லி விற்றதுதான் பொய். அப்படி அவர்கள் வாயால் சொன்னார்கள், எதிலும் எழுதித் தரவில்லை. நான் கையெழுத்துப் போட்ட நான்காவது காகிதத்தை மேலாளர் மேசை மீது மெதுவாக வைத்தார்.

ஏழு கடிதங்கள், இரண்டு மாதங்கள். பேட்டரியும் இரண்டு டயர்களும் மாற்றித் தந்தார்கள். பிரேக் ஆயிலை நானே மாற்றிக்கொண்டேன். அந்த 186 கிலோமீட்டர் கிடங்கிலிருந்து வந்ததா, டெஸ்ட் டிரைவில் சேர்ந்ததா என்பதற்குப் பதில் இல்லை. என்றைக்காவது நான் விற்கும்போது வாங்குபவர் தயாரிப்பு மாதத்தைப் பார்த்துத்தான் விலை சொல்வார். அந்த இழப்பைப் பற்றிப் பேச்செடுத்தாலே, தள்ளுபடி தந்தோமே என்கிறார்கள். உண்மையைச் சொல்லிவிட்டு அதே தள்ளுபடியைத் தந்திருந்தால், ஒருவேளை நானே சம்மதித்து வாங்கியிருப்பேன். பழைய சரக்கு விற்பது குற்றமில்லை, சொல்லாமல் விற்பதுதான் குற்றம்.

வண்டி வந்த ஐந்தாவது வாரம் ஃபேஸ்லிஃப்ட் அறிமுகமானது. கதவுகள் அதே கதவுகள்தான், என் ஊகம் பலித்தது. வயிறு எரிந்தது உள்பக்கத்தைப் பார்த்தபோது. என் காரில் ஏசிக்கு விரலால் தடவும் கறுப்புக் கண்ணாடிப் பட்டை. சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல் அதை இயக்க முடியாது. தொடுதிரை மோகம் ஓட்டுநருக்கு ஆபத்து என்று பல வருஷமாகப் புலம்பி வருபவன் நான். ஃபோக்ஸ்வாகன் ஸ்டியரிங்கில் தொடு பட்டைகளை வைத்து, வாங்கிக் கட்டிக்கொண்டு, அசல் பொத்தான்களுக்கே திரும்புவதாக 2022இல் அறிவித்தபோது கொண்டாடினேன். இண்டிகேட்டர், ஹார்ன், வைப்பர் போன்ற முக்கிய வேலைகளுக்குத் தனிப் பொத்தானோ நெம்புகோலோ இல்லாத கார்களுக்கு 2026 முதல் மதிப்பெண் குறையும் என்று யூரோ என்கேப் சொன்னதும் இன்னும் மகிழ்ந்தேன். ஃபேஸ்லிஃப்டில் ஏசிக்குத் திருகும் குமிழ்கள் இரண்டு வந்திருக்கின்றன. ஷோரூம் பக்கமே போகக் கூடாது என்றிருந்தவன், ஒரு நாள் போய் அவற்றைத் திருகிப் பார்த்துவிட்டு வந்தேன். டக் டக் என்று நன்றாகவே இருந்தன.

இனி யாராவது என்னிடம் யோசனை கேட்டால் எஞ்சினைப் பற்றிப் பேசுவதற்கு முன் இதைச் சொல்கிறேன்: முன்பணம் கட்டும்போதே சேஸிஸ் எண்ணையும் தயாரிப்பு மாதத்தையும் ரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கள். வண்டியைப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். ‘திருப்தியுடன் பெற்றுக்கொண்டேன்’ என்ற காகிதத்தில் பார்த்துமுடித்த பிறகு கையெழுத்திடுங்கள். எழுதித் தரத் தயங்கினால் நிறம் எவ்வளவு பிடித்திருந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

போன வாரம் அதே விற்பனையாளரிடமிருந்து குறுஞ்செய்தி. ஃபேஸ்லிஃப்டில் நான் விரும்பும் அதே நீல நிறம் ஒரே ஒரு வண்டி இருக்கிறதாம், என் காரை நல்ல விலைக்கு எடுத்துக்கொள்வார்களாம். எந்த மாதம் தயாரான வண்டி என்று கேட்டு அனுப்பினேன். செய்தியைப் படித்துவிட்டார் என்று திரை காட்டுகிறது.